அகதி என்பதா, கூலி என்பதா?



இந்த உரையை ஏற்பாடு செய்த அறக்கட்டளைக்குப் பெயர் தந்திருக்கும் பெரியவர் 1964-இல் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவர். கடை நாட்டுடைமையாகிவிட்டது. மிச்சம் பிடித்து வைத்திருந்த 50, 100 கியாட் தாள்கள் ஒரே அறிவிப்பில் செல்லாக் காசாயின. இங்கே வந்து இறங்கியதும் 'பர்மா அகதி' என்று எழுதிக் கொடுத்தார்கள். "அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வச்சுக்கிட்டேதான் மறுவாரம் மூட்டை தூக்கப் போனேன்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். பையில் இருந்த சீட்டு அவரை அகதி என்றது; தோளில் இருந்த மூட்டை கூலி என்றது. ஆள் ஒருவர்தான். இன்று நான் பேசவிருப்பது அவர் விட்டு வந்த நாட்டின் மக்களைப் பற்றி. அவர்கள் தாய்லாந்தின் எல்லையில் ஒரே உடம்பில் இந்த இரண்டு பெயர்களையும் சுமக்கிறார்கள்.

பர்மாவின் மியாவடிக்கும் தாய்லாந்தின் மேசோட்டுக்கும் நடுவே ஓடுவது மோய் ஆறு. 1997-இல் அதன் குறுக்கே நட்புறவுப் பாலம் திறந்தார்கள். பாலத்தின் மேல் லாரிகளும் முத்திரை குத்திய கடவுச்சீட்டுகளும் போயின. பாலத்தின் அடியில், காற்றடித்த லாரி டியூபில் உட்கார்ந்து மக்கள் கடந்தார்கள். கன்னத்தில் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிய பெண், மடியில் குழந்தை, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த துணிமூட்டை. டியூபைத் தள்ளிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வரும் ஆள். கோடையில் அந்த ஆறு அவ்வளவுதான். நம் ஊர் வாய்க்காலைக் கடப்பதுபோலக் கடந்துவிடலாம். கடந்த பிறகுதான் துன்பம் தொடங்குகிறது.

இவர்கள் ஏன் வந்தார்கள்? 1960-களிலிருந்து பர்மிய ராணுவம் எல்லையோரக் கரேன் இன மக்களின் மலைப்பகுதிகளில் கையாண்ட முறைக்கு 'நான்கு வெட்டு' என்று பெயர். போராளிகளுக்குப் போகும் உணவு, பணம், தகவல், ஆள் ஆகிய நான்கையும் வெட்டுவது. நடைமுறையில் அது ஊரைக் கொளுத்துவதாகவும் நெற்குதிர்களை அழிப்பதாகவும் ஆயிற்று. 1984-இல் ஆயிரக்கணக்கானோர் எல்லை தாண்டி வந்தார்கள். அவர்களுக்காகத் தாய்லாந்தில் மேலா அகதி முகாம் எழுந்தது. 1988-இன் ஜனநாயக எழுச்சி நசுக்கப்பட்டபோது நகரத்து மாணவர்கள் வந்தார்கள். அப்படி நடந்து வந்தவர்களில் ஒருவர் கரேன் மருத்துவர் சிந்தியா மாவுங். 1989-இல் மேசோட்டில் சிறு மருத்துவமனை தொடங்கினார். கருவிகளைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்ய அவரிடம் இருந்தது சோறு வடிக்கும் மின்குக்கர்தான். 2002-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. எனக்கு அந்த விருதைவிட அந்தக் குக்கரே பெரிது.

தாய்லாந்து 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. முகாமுக்குள் இருப்பவர் 'தற்காலிகமாகத் தங்குபவர்'. வெளியே வந்து வேலை செய்தால் சட்டவிரோதக் குடியேறி. பதிவு செய்துகொண்டால் இளஞ்சிவப்பு அட்டை வைத்திருக்கும் தொழிலாளி. எரிந்த ஊரிலிருந்து ஓடிவந்த அதே பெண், எந்த வாசல் வழியாக உள்ளே வந்தாள் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறாள். இன்று தாய்லாந்தில் பதிவு பெற்ற பர்மியத் தொழிலாளர் மட்டுமே 20 லட்சத்தைத் தாண்டுவர்.

அவர்களில் பலர் உழைக்கும் இடம், பாங்காக்கின் தென்மேற்கே உள்ள மகாச்சாய் என்ற மீன்பிடி நகரம். தாய்லாந்திலிருந்து உலகத்தின் சாப்பாட்டு மேசைகளுக்குப் போன இறாலில் கணிசமான பங்கு அங்கே உரிக்கப்பட்டது. விடியுமுன் தொடங்கும் வேலை. பனிக்கட்டித் தண்ணீரில் கிடக்கும் இறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, முதுகு நரம்பை இழுக்க வேண்டும். கூலி நாளுக்கல்ல, கிலோவுக்கு. விரல் மரத்துப்போனால் எடை குறையும். எடை குறைந்தால், வேலைக்கு அழைத்துவந்த ஏஜெண்டிடம் பட்ட கடன் நீளும். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இவர்களுக்கும் உண்டு என்கிறது ஏடு. ஆனால் 1975-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டப்படி, தாய்லாந்துக் குடிமகன் அல்லாதவர் தொழிற்சங்கம் அமைக்க முடியாது. உரிமையைக் கொடுத்துவிட்டு, அதைக் கேட்கும் வாயைக் கட்டிவைத்தார்கள்.

2008 ஏப்ரல் 10 அன்று நடந்ததைச் சொல்லாமல் இந்த உரை முழுமையாகாது. தாய்லாந்தின் ரனோங் பகுதியிலிருந்து புக்கெட்டுக்கு வேலைக்குப் போக, மீன் ஏற்றும் குளிர்பதனப் பெட்டி லாரி ஒன்றில் 121 பர்மியரை நிற்கவைத்து அடைத்தார்கள். உள்ளே காற்று நின்றது. சுவரைத் தட்டினார்கள். கைப்பேசியில் ஓட்டுநரை அழைத்தார்கள். கதவு திறந்தபோது 54 பேர் இறந்திருந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். பிழைத்தவர்கள்மீது சட்டவிரோதமாக நாட்டுக்குள் நுழைந்த குற்றம் சாட்டப்பட்டது. இறந்தவர்கள் அகதிகளா, கூலிகளா என்று கேட்பவரிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

தாய்லாந்தில் உழைக்கும் பர்மியர் வீட்டுக்குப் பணம் அனுப்பும் வழிக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'ஹுண்டி'. நகரத்தார் வட்டிக்கடைகளில் புழங்கிய நம் உண்டியலேதான். தாய்லாந்தில் பாட் நாணயத்தைக் கொடுத்தால், அங்கே கிராமத்தில் தாயின் கையில் கியாட் விழும். இடையில் வங்கி இல்லை, நம்பிக்கை மட்டும்தான். 2021 பிப்ரவரி 1 அன்று ஆட்சியைப் பிடித்த ராணுவம் இதையும் விடவில்லை. வெளிநாட்டில் உழைப்பவர் சம்பளத்தில் 25 சதவீதத்தை அரசு வழியிலேயே அனுப்ப வேண்டும் என்று 2023-இல் ஆணையிட்டது. அரசு வைத்த மாற்று விலையோ சந்தை விலையைவிட மிகக் குறைவு. ஊரை எரித்தவர்களுக்கே, ஊரைவிட்டு ஓடியவர் கூலியில் பங்கு கொடுக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 18 முதல் 35 வயது ஆண்கள், 18 முதல் 27 வயதுப் பெண்கள் அதற்குள் அடங்குவர். சில நாள்களில் மாண்டலே கடவுச்சீட்டு அலுவலக வாசலில் கூட்டம் நெரிந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். மே மாதம், ஆண்கள் வேலைக்காக வெளிநாடு போக அனுமதி தருவது நிறுத்தப்பட்டது. சட்ட வழி அடைபட்டதும் ஆறும் காடுமே மிஞ்சின. துப்பாக்கி தூக்க மறுத்து மேசோட்டில் தையல் இயந்திரத்தின் முன் உட்காரும் இருபது வயதுப் பையனைப் 'பொருளாதாரக் குடியேறி' என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை. உயிருக்கு ஓடுகிறவனுக்கும் வயிறு உண்டு. வயிற்றுக்கு உழைப்பதாலேயே அவன் ஓடிவந்த காரணம் பொய்யாகிவிடாது.

2025 ஆகஸ்டில் தாய்லாந்து அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. முகாம்களில் நெடுங்காலமாகப் பதிவு பெற்று வாழும் ஏறத்தாழ 80,000 பேரில் வேலை செய்யும் வயதுடையவர்கள் வெளியே வந்து சட்டப்படி வேலை செய்யலாம். வெளிநாட்டு நிதி வெட்டப்பட்டு முகாமில் அரிசிக்கே தட்டுப்பாடு வந்த நேரம் அது. தாய்லாந்துக்கும் ஆள் தேவைப்பட்டது. காரணம் எதுவானாலும் இதை நான் மனமார வரவேற்கிறேன். அகதியும் உழைக்கலாம் என்று ஓர் அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. 1984-இல் மேலாவில் பிறந்த குழந்தைக்கு அப்போது 41 வயது. வாழ்நாளில் முதன்முறையாக, ஒளியாமல் ஒரு நாள் கூலி வாங்க அவனுக்கு வழி பிறந்தது. ஆனால் 2021-க்குப் பிறகு ஆற்றைக் கடந்து வந்து, முகாம் பதிவேட்டில் பெயர் ஏறாதவர்களுக்கு இந்த முடிவு பொருந்தாது.