களை யாருடைய குற்றம்?

(விவசாயத் தொழிலாளர்களும் மில் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



களையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண் தோழர்கள் சிரித்தார்கள். சிரிக்க வேண்டியதுதான். விடிந்ததிலிருந்து உச்சிவெயில் வரை சேற்றில் குனிந்து நின்று களை பறிக்கிறவர்களுக்கு, மேடையில் நின்று களையைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? ஆனாலும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. வயலில் களை மண்டினால் பண்ணைக்காரர் என்ன சொல்கிறார்? "ஆள் சரியாக எடுக்கவில்லை" என்கிறார். வாய்க்காலில் வெங்காயத்தாமரை அடைத்துக்கொண்டால் என்ன சொல்கிறார்கள்? "ஜனங்களுக்குப் பொறுப்பில்லை" என்கிறார்கள். இரண்டிலும் குற்றவாளி நாமே. இந்த வழக்கைக் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போம்.

வாய்க்காலிலிருந்து தொடங்குவோம். ஆகாயத்தாமரை என்றும் சொல்கிறார்கள். தண்டு உப்பி வெங்காயம் போல இருப்பதால் வெங்காயத்தாமரை என்றும் சொல்கிறோம். அது பிறந்த இடம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை. ஊதாப் பூ பார்க்க அழகாயிருக்கிறது என்று பணக்காரர்கள் தோட்டத்துக் குளத்தில் விட்டு வளர்த்த செடி அது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்கு வந்து சேர்ந்தது. வந்த சில பத்து வருஷங்களில் அங்கே நெல் வயலும் சணல் வயலும் படகுத் துறையும் அதன் கீழ் மூழ்கின. 1936-ல் இந்தச் செடியை ஒழிக்கவென்றே அங்கே சட்டம் போட்டார்கள். 1937 தேர்தலில் அதை ஒழிப்போம் என்ற வாக்குறுதி மேடைக்கு மேடை முழங்கியது. சட்டமும் இருந்தது, வாக்குறுதியும் இருந்தது, செடியும் இருந்தது.

வெளியிலிருந்து வந்த செடி என்றதும் சில தோழர்களுக்குப் பார்த்தீனியம் ஞாபகம் வரும். அமெரிக்க பி.எல். 480 கோதுமையோடு வந்த விஷம் என்று நம் மேடைகளிலும் சொல்லியிருக்கிறோம். 1950-களில் புனாப் பக்கம் அது பரவியதைக் கண்டார்கள் என்பது வாஸ்தவம். கோதுமையோடு விதை வந்திருக்கவும் கூடும். ஆனால் 1814-ல் வெளியான கல்கத்தாத் தோட்டத்துச் செடிப் பட்டியலிலேயே அதன் பெயர் இருப்பதாகப் பின்னால் ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். நமக்குச் சாதகமான கதை என்பதற்காக அரைகுறையாகச் சொல்லக் கூடாது.

வெங்காயத்தாமரைக்கு வருவோம். வெயிலும் உரமும் கிடைத்தால் சுமார் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். அதன் விதை சேற்றுக்குள் பதினைந்து வருஷத்துக்கு மேலும் உறங்கிக் கிடந்து முளைக்கும். ஓடுகிற தண்ணீரில் உரம் எங்கிருந்து வந்தது? மில் தோழர்களே, இது உங்கள் ஊர்க் கதையும்தான். கோவையில் சிங்காநல்லூர்க் குளத்தையும் உக்கடம் பெரியகுளத்தையும் இந்தச் செடி மூடிக் கிடந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நகரத்துச் சாக்கடையைச் சுத்தம் செய்யாமல் குளத்தில் விட்டால் அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் செடிக்குச் சாப்பாடு. அந்தக் குளங்களுக்குத் தண்ணீர் தரும் நொய்யல், கரூர் ஜில்லாவில் காவிரியில் கலக்கிறது. வழியில் எத்தனை ஊர்ச் சாக்கடை சேர்கிறது என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். சாக்கடையைச் சுத்தப்படுத்த வேண்டியவர்கள் மிச்சம் பிடித்த பணம், கடைமடையில் செடியாக வந்து நிற்கிறது.

கடைமடை என்றால் திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம். வெண்ணாற்றிலும் அதன் கிளைகளிலும் தண்ணீர் வரும்போது செடி மதகை அடைத்து நிற்கும். மேலே உள்ளவன் வயலில் தண்ணீர், கீழே உள்ளவன் வயலில் வெடிப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையிலோ இதற்கு நேர்மாறு. வடிகால் அடைபட்டுச் சம்பாப் பயிர் நாள் கணக்கில் மூழ்கிக் கிடக்கும். பயிர் அழுகினால் நிலக்காரருக்கு நஷ்டஈடு என்று ஒரு பேச்சாவது நடக்கிறது. அறுப்பு வேலை போன கூலிக்காரிக்கு அந்தப் பேச்சும் இல்லை.

இனி வயல். அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் உழவியல் பேராசிரியராக இருந்த ராம. கதிரேசன் களைகளைப் பற்றியே பல வருஷம் ஆராய்ந்தவர். டெல்டா நெல் வயலில் முன்பெல்லாம் குதிரைவாலி இனப் புற்கள்தான் பெரிய எதிரி. அவற்றைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு வேறு இரண்டு முன்னேறி வருவதை அவர் கண்டார். ஒன்று, மெல்லிய கதிர் விடும் ஒரு புல். விஞ்ஞானிகள் அதை லெப்டோகுளோவா என்கிறார்கள். மற்றது நாம் கடைந்து சாப்பிடும் ஆரைக்கீரை, அந்த நாலிலைச் செடியேதான்! இவை கப்பலேறி வந்தவை அல்ல. தண்ணீர் நின்றாலும் வாழும், வற்றி வெறும் ஈரம் மட்டும் இருந்தாலும் வாழும். வயலில் தண்ணீர் வருவதும் போவதுமாக இருந்தால் இவற்றுக்குக் கொண்டாட்டம்.

தண்ணீர் ஏன் வருவதும் போவதுமாக ஆயிற்று? மேட்டூர் அணை திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. 2012-லிருந்து 2019 வரை எட்டு வருஷம் அந்த நாளில் அணை திறக்கவில்லை. 2020-ல் திறந்தார்கள், 2024-ல் மறுபடி ஜூலைக் கடைசிக்குப் போயிற்று. தண்ணீர் நம்பிக்கை போனவன் நாற்று விடாமல் புழுதியிலேயே நேரடியாக விதைக்கிறான். நடவு வயலில் நிற்கும் இரண்டங்குலத் தண்ணீரே பாதிக் களையை முளைக்க விடாது. புழுதி விதைப்பில் நெல்லும் களையும் ஒரே நாளில் முளைக்கின்றன. ஆக, நடவு வேலை போயிற்று, களை பெருகிற்று. இதில் களை எடுத்த பெண்ணின் குற்றம் எங்கே?

களை பெருகினால் களை வேலையாவது பெருக வேண்டுமல்லவா? இல்லை. அறுப்பை இயந்திரம் கொண்டுபோனது. களையை மருந்து டப்பா கொண்டுபோகிறது. கூலி கொடுத்துக் களையெடுக்கச் சிறு விவசாயிக்கும் கட்டுப்படியாகவில்லை என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் ஒரே மருந்தை வருஷா வருஷம் அடித்தால் அதற்குச் சாகாத களைதான் மிஞ்சும். பல நாடுகளில் நெல் வயல் குதிரைவாலி அப்படி மாறிவிட்டது. அப்போது கம்பெனி வேறு மருந்து விற்கும். அதை முகமூடியும் செருப்பும் இல்லாமல் தெளிக்கிறவனும் நம் ஆள்தான்.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. நெல் வயலில் ஓரமாகக் குழி வெட்டி மீன் விட்டு, மேலே கால் நட்டுக் கோழிக் கூண்டு வைத்து, கதிரேசனும் அவரோடு வேலை செய்தவர்களும் விவசாயிகளின் வயலிலேயே நடத்திப் பார்த்தார்கள். மீன் களையைத் தின்றும் சேற்றைக் கிளறியும் குறைத்தது. கோழி எச்சம் மீனுக்கும் நெல்லுக்கும் ஆயிற்று.

வெங்காயத்தாமரைக்கு அதன் சொந்த ஊர் எதிரியையே கொண்டுவந்தார்கள். நியோகெடினா என்ற கூன்வண்டை 1982-ல் தருவித்து பெங்களூர் ஏரிகளில் விட்டதில் சில வருஷங்களில் பலன் தெரிந்தது. ஆனால் வருஷம் முழுதும் தண்ணீர் உள்ள ஏரிக்கு அது சரி. நம் வாய்க்காலும் வீராணம் போன்ற ஏரியும் கோடையில் வற்றுகின்றன. செடி காய்ந்தால் வண்டும் சாகும். மறு தண்ணீரில் விதை முளைக்கும், வண்டு இராது. இதற்குத்தான் கதிரேசன் கற்பூரவள்ளித் தழையைக் காயவைத்துப் பொடித்துப் பரிசோதித்தார். சளிக்குக் கஷாயம் வைக்கிறோமே, அதே கற்பூரவள்ளி. அந்தப் பொடி பட்ட செடி வாடிச் செத்தது. வண்டு கடித்த புண் வழியே பொடியின் சாரம் இன்னும் சுலபமாக உள்ளே இறங்குகிறது.

இவை எல்லாம் ஒரு தனி ஆள் தன் அரைக்காணியில் செய்து முடிக்கிற காரியமல்ல. ஆறு ஒன்று, மேலே விட்டுவைத்த செடி கீழே வந்து சேரும். வழக்கப்படி ஜனவரி 28-ல் மேட்டூரை மூடுகிறார்கள். அதிலிருந்து ஜூன் 12 வரை நாலரை மாதம் வாய்க்கால் சும்மா கிடக்கிறது. அப்போது வேலையின்றி நிற்பதும் நாம்தான். தூர் எடுக்கிற வேலையை அந்த மாதங்களில் நமக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்கிறோம். தண்ணீர் வரும் வாரத்தில் இயந்திரத்தோடு வரும் காண்டிராக்டருக்குக் கொடுக்க வேண்டாம். அளவும் சரியாக எழுத வேண்டும். தண்ணீர் கட்டி நிற்கிற குட்டையில் நூறு கிலோ செடி அள்ளினால் அதில் தொண்ணூறு கிலோவுக்கு மேல் தண்ணீர். காய்ந்த பிறகு வந்து குவியலை அளந்தால் கூலி தேறாது. நூறு நாள் வேலையில் வாய்க்கால் வெட்டிய பெண்களுக்கு இந்த அளவுக் கணக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்று. அள்ளிய செடியைக் கரையிலேயே போட்டுவிட்டுப் போனால் முதல் தண்ணீரிலேயே அது மறுபடி வாய்க்காலில் இறங்கிவிடும். மேட்டுக்குக் கொண்டுபோய்க் குழியில் போட்டு மட்க வைக்க வேண்டும். அந்த வண்டிச் சத்தமும் குழி வெட்டுகிற கூலியும் மதிப்பீட்டில் முதலிலேயே சேர்ந்திருக்க வேண்டும்.