சார்ஜ் ஏறும் டோர்ச்சைக் கையில் எடுக்காதீர்கள்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பள விஷயம் பேசியாகிவிட்டது. இனி நம் காம்பராக்களில் தொங்குகிற மலிவு டோர்ச்சைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். பின்பக்கம் இரண்டு முனையை இழுத்து நேரே சுவரில் குத்துகிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

"நாலு வோல்ட் பெட்டரி, அது என்ன செய்யும்?" என்று கேட்பீர்கள். பெட்டரி நாலு வோல்ட்தான். ஆனால் சுவரில் வருவது 230 வோல்ட். நல்ல போன் சார்ஜருக்குள் சின்ன டிரான்ஸ்போமர் ஒன்று இருக்கிறது. சுவர்க் கரண்ட் ஒரு பக்கம் நின்றுவிடும், போனுக்குப் போவது மறுபக்கம். இரண்டும் தொடுவதில்லை. மலிவு டோர்ச்சில் பெரும்பாலும் அது கிடையாது. ஒரு கெப்பாசிட்டரைப் போட்டுக் கரண்டை மட்டுப்படுத்தி, பெட்டரிக்கு அனுப்பிவிடுகிறார்கள். கரண்ட் குறைகிறதே தவிர, சுவரை விட்டுப் பிரிவதில்லை. சார்ஜ் ஏறும்போது பெட்டரி, ஸ்விட்ச் தகடு, எல்லாமே மெயின் கரண்டோடு சேர்ந்துதான் இருக்கும். முனையை எந்தப் பக்கம் திருப்பிக் குத்தினோம் என்பதைப் பொறுத்து, லைவ் வயரே நேராக உள்ளே வந்துவிடலாம்.

நமக்கும் அதற்கும் நடுவில் இருப்பது அந்த பிளாஸ்டிக் கூடு மட்டும்தான். கீழே விழுந்து வெடித்த கூட்டுக்கு டேப் ஒட்டிப் பாவிக்கிறோம். மலையிலிருந்து ஈரத்தோடு வந்து, வெறுங்காலோடு சிமெந்துத் தரையில் நின்று அதைப் பிடிக்கிறோம். கடைக்காரர் இதையெல்லாம் சொல்லப் போவதில்லை.

ஆகவே, சார்ஜ் ஏறும்போது எரிய விடாதீர்கள், பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். கழற்றிய உடனே முனைகளைத் தொடக் கூடாது. கெப்பாசிட்டரில் கரண்ட் மிச்சம் நிற்கலாம். வெடித்ததை வீசிவிடுங்கள். வெள்ளை மூடி கழன்ற எல்இடி பல்பும் இதே ஜாதிதான்.

ட்ரிப் ஸ்விட்ச் இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். வீட்டுக்குப் போடுவது 30 மில்லிஅம்பியர் கசிந்தால் விழும். உடம்பு வழியாக நிலத்துக்குப் போகிற கரண்டைத்தான் அது கண்டுபிடிக்கும். இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்தவனை அதற்குத் தெரியாது. அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லையென்றால் அது பழுது.

அந்த ஸ்விட்சே இல்லாத காம்பராக்களும் இருக்கின்றன. பக்கத்துக் காம்பராவிலிருந்து வயர் இழுத்து விளக்கெரிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. லயத்து வயரிங்கைச் சரிபார்த்துத் தரும்படி நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்கப் போகிறோம். வாசலில் தாள் வைத்திருக்கிறது. காம்பரா நம்பர், ட்ரிப் ஸ்விட்ச் உண்டா இல்லையா, இரண்டையும் எழுதிவிட்டுப் போங்கள்.