மலையில் பின்னுக்கு வந்தவர்

(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் மேடையில் பேசிப் பழகியவனல்ல. ஏ.எல். படிப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். டண்டினோங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. சங்கச் செயலாளர்தான், "தம்பி, நீங்கள் மலை ஏறின கதையைச் சொல்லுங்கோ, பெடியளுக்கு நல்லது" என்று கேட்டார். மலை ஏறின கதை எண்டால் உச்சிக்குப் போன கதை எண்டு நினைப்பீங்கள். நாங்கள் உச்சிக்குப் போகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு மலை எண்டால் கீரிமலைதான். அங்கே கேணி இருக்கு, கடல் இருக்கு, மலைதான் இல்லை. இங்கே இருக்கும் மலையகத்து உறவுகள் சிரிக்கலாம். அவர்களுடைய சிவனொளிபாத மலை 2,243 மீற்றர். அவுஸ்திரேலியப் பெருநிலத்தின் மிக உயர்ந்த மலையான கொஸ்கியூஸ்கோ 2,228 மீற்றர்தான். ஆனால் சிவனொளிபாத மலையில் படி இருக்கு, யாத்திரைக் காலத்தில் வழியெல்லாம் வெளிச்சமும் தேத்தண்ணிக் கடையும் இருக்கு. இங்கே அப்படி ஒன்றும் இல்லை.

நாங்கள் போனது பொகொங் மலை. 1,986 மீற்றர், விக்டோரியா மாநிலத்தின் மிக உயர்ந்த மலை. மெல்பேணிலிருந்து வடகிழக்கே நாலரை, ஐந்து மணி நேர ஓட்டம். பொகொங் என்பது ஒருவகை அந்துப்பூச்சியின் பெயர். கோடை வெக்கைக்குத் தப்ப, சமவெளியிலிருந்து ஆயிரம் கிலோமீற்றர் வரை பறந்து வந்து, இந்த உயர்ந்த மலைகளின் பாறை இடுக்குகளில் ஒளிந்திருந்துவிட்டு, இலையுதிர் காலத்தில் திரும்பிப் போகும். ஆதிக்குடிகள் அவற்றைப் பிடித்து உண்ண அந்தக் காலத்திலே மலைக்கு ஏறி வருவார்களாம்.

2023 பெப்ரவரியில், தற்காலிக விசாவில் இருந்த சுமார் 19,000 பேர் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்தது உங்களுக்கு ஞாபகமிருக்கும். நாங்கள் நாலு நண்பர்கள், 2012இல் ஒரே படகில் வந்தவர்கள். மூன்று பேருக்கு வழி திறந்தது. நாலாவது நண்பருடைய வழக்கு முந்தியே நிராகரிக்கப்பட்டதால் அவர் பிரிட்ஜிங் விசாவிலேயே நின்றார். அந்தச் சந்தோசத்தைக் கொண்டாடத்தான் அந்த வருட ஈஸ்டர் விடுமுறைக்கு மலைக்கு வெளிக்கிட்டோம். அவரும் முகம் சுழிக்காமல் வந்தார். அவரிடம் கேட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை விடிய நாலு மணிக்குப் புறப்பட்டு, பத்து மணிக்கு நடக்கத் தொடங்கினோம். ஓடையைப் பலமுறை கடந்த பின் 'ஸ்ரெயர்கேஸ்' என்ற செங்குத்தான மலைத்தொடர். பெயர்தான் படிக்கட்டு, கீரிமலையில் மலை மாதிரித்தான் அங்கே படியும். அடிவாரத்திலிருந்து உச்சிக்கு 1,300 மீற்றருக்கு மேல் ஏறவேணும். முதுகிலே கூடாரம், தண்ணீர், பாண், மீன் ரின். பாதி வழியில் 'பிவொவக்' என்ற சின்னக் குடில். அதைத் தாண்டியபோது இரண்டரை மணி. நாங்கள் மூன்று பேரும் பகிடி விட்டபடி முன்னுக்குப் போனோம். "அவர் ஆறுதலாய் வருவார்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

மரங்கள் குட்டையாகி முடிகிற இடத்தில் பனிப்புகார் இறங்கியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. காற்று முகத்தில் அறைந்தது. திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். கூப்பிட்டோம், பதிலில்லை. ரெலிபோனில் சிக்னலும் இல்லை. ரோச் லைற்றை அடித்துக்கொண்டு, பனிக்காலத்தில் வழிகாட்ட நட்டிருக்கும் கம்பங்களைப் பிடித்தபடி கீழே இறங்கினோம். அரை மணித்தியாலம் எனக்கு அரை நாள் மாதிரி இருந்தது. அந்தக் கம்பம் ஒன்றின் அடியில் குந்தியிருந்தார். போட்டிருந்த ஜீன்ஸ் நனைந்து, உடம்பு நடுங்கியது. கணுக்கால் வீங்கியிருந்தது. கீழே ஓடையிலேயே சறுக்கி விழுந்திருக்கிறார். அஞ்சு மணித்தியாலம் வாய் திறக்கவில்லை.

"ஏன் மச்சான் சொல்லேல்லை?" என்று கத்தினேன்.

"உங்கட சந்தோசத்தைக் குழப்பக்கூடாது எண்டு நினைச்சன்" என்றார்.

உச்சிக்கு இனி ஒரு மணி நேரம்தான். ஒருவர் "நான் கூட இருக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ" என்றார். நான் வேண்டாம் என்றேன். அவருடைய பையை மூன்றாய்ப் பிரித்துச் சுமந்து, அவரைத் தாங்கிக்கொண்டு குடிலுக்கு இறங்கினோம். ஈர உடுப்பை மாற்றி, இரண்டு நித்திரைப் பையால் போர்த்து, சுடச்சுடத் தேத்தண்ணி கொடுத்தோம். இரவு முழுக்கக் காற்று குடிலை உலுப்பியது. ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை.

அப்போதுதான் அவர் கதைத்தார். "படகிலை நோ எண்டு சொன்னவனை எல்லாரும் ஏசினவை. அண்டைக்கு வாயை மூடினனான். பிறகு தொழிற்சாலையிலை முதுகு பிடிச்சாலும் சொல்லுறதில்லை. மெடிகெயார் அட்டை முடிஞ்சுபோச்சு. அம்புலன்ஸ் வந்தால் காசுக்கு எங்கை போறது?" என்றார். தாயைக் கண்டு பதினொரு வருடம். வெளிநாடு போனால் திரும்ப வரமுடியாது. "அந்தப் பூச்சி பரவாயில்லை மச்சான், வந்த வழியாலை திரும்பிப் போகுது" என்றார். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

அடுத்த நாள் அவரை முன்னுக்கு விட்டு, அவர் நடக்கிற வேகத்தில் நாங்கள் பின்னால் நடந்தோம். வைத்தியர் பார்த்துச் சவ்வு கிழிந்திருக்கு என்றார். காசை மூன்று பேரும் பகிர்ந்து கட்டினோம்.

பிறகுதான் அந்த மலையைப் பற்றி வாசித்தேன். 1936 ஓகஸ்டில் கிளீவ் கோல் என்பவரும் இரண்டு நண்பர்களும் பனிச்சறுக்கில் அந்த மலையைக் கடக்கும்போது பனிப்புயலில் அகப்பட்டு, நாட்கணக்காகப் பனிக்குள்ளே குழி தோண்டி இருந்திருக்கிறார்கள். கடைசியில் ஒருவர் உதவி தேடிப் போய்ச் சேர்ந்தார். ஆனாலும் கோல் பிழைக்கவில்லை. அடுத்த வருடம் அவர் பெயரில் மலையிலே கல்லால் ஒரு குடில் கட்டினார்கள். 1943இல் அதே மலையில் இன்னும் மூன்று பேர் புயலில் இறந்தார்கள். எங்களுக்கும் அப்படி நடந்திருக்கலாம்.

பெடியளே, மலைக்குப் போங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனால் ஜீன்ஸ் போடாதேங்கோ. பருத்தித் துணி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். எந்த வழியால் போறியள், எத்தனை மணிக்குத் திரும்புவியள் எண்டு எழுதி வீட்டிலை குடுங்கோ. ஆபத்தெண்டால் 000, காசைப் பிறகு பார்க்கலாம். ஆகக் குறைந்த வேகத்தில் நடக்கிறவரை முன்னுக்கு விடுங்கோ.

பெரியவர்களுக்கும் ஒன்று. விசா கிடைத்த நாங்கள் வீடு வாங்குகிறோம், ஊருக்குப் போய் வருகிறோம். நல்ல விடயம். ஆனால் எங்களோடு ஒரே படகில் வந்தவர்கள் சிலர் இன்னும் சரிவிலே நிற்கிறார்கள். அவர்களாகக் கூப்பிடமாட்டார்கள். இந்தப் புத்தாண்டில் அப்படி ஒருவரை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒருநேரச் சாப்பாடு கொடுத்து, "கால் எப்படி இருக்கு?" என்று கேளுங்கோ.

உச்சியை ஒருநாள் பார்ப்போம். நாலு பேருமாகத்தான் போவோம். எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.