மனச்சோர்வு மாத்திரையும் மதுவும்

(கியா பார்மில் தோட்டத் தொழிலாளர் முன் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இந்த மலைக்குளிரில் "ஒரு முடக்கு உள்ளே போனால் உடம்பு சூடேறும்" என்று சொல்லாத லயம் இல்லை. சூடேறுவது தோல்தான்; உடம்பின் உள்சூடு வெளியேறிவிடுகிறது. மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறவருக்கோ அந்த முடக்கு இரட்டைக் கேடு. அதைச் சொல்லவே வந்தோம்.

மனச்சோர்வு சோம்பலுமன்று, பேய்க்கோளாறுமன்று; அது நோய். 1952-இல் அமெரிக்காவில் இப்ரோனியாசிட் சாப்பிட்ட காசநோயாளிகளின் மனம் தெளிவதை டாக்டர்கள் கண்டார்கள். அதிலிருந்தே மனச்சோர்வு மருந்தின் ஒரு வகை பிறந்தது. 1960-களில் அவ்வகை மருந்து சாப்பிட்ட சிலர் பழைய சீஸ் தின்றதும் இரத்த அழுத்தம் ஏறித் தலைவலியால் துடித்தார்கள். மாத்திரைக்கும் உணவுக்கும் பகை உண்டாகலாம் என்பது அதனால் விளங்கியது. இன்று பெரும்பாலும் கொடுப்பவை செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற வேறு மருந்துகள். அவற்றுக்கும் பகை உண்டு.

முதலாவது, மது. கள்ளோ, பீரோ, சம்சுவோ, அது சோர்வைக் கூட்டும், தூக்கத்தைக் கெடுக்கும். அமிட்ரிப்டிலினோடு சேர்ந்தால் மயக்கம் அதிகமாகும். சரிவில் கொழுந்து வெட்டுகிறவரும், விடியுமுன் பால்மரம் சீவுகிறவரும், லாரி ஓட்டுகிறவரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். "இன்று சம்பள நாள், மாத்திரை வேண்டாம்" என்று விடுவதும் தவறு. திடீரென நிறுத்தினால் தலைசுற்றல் வரும், நோயும் திரும்பும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் குடியைத் தாமாகத் திடீரென விட்டால் வலிப்பு வரக்கூடும். டாக்டரிடம் உண்மையைச் சொல்லி விடுங்கள்.

இரண்டாவது, வலி மாத்திரை. ஆஸ்பிரின், ஐபுபுரூபன் சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியலாம். மலம் கறுத்தால் உடனே காட்டுங்கள். டிராமடோலும், டெக்ஸ்ட்ரோமெதார்பன் கலந்த இருமல் மருந்தும் சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், தசை விறைப்பு, மனக்குழப்பம் உண்டாகலாம். அப்போது காத்திராமல் 999-ஐ அழையுங்கள்.

மூன்றாவது, மூலிகைச் சரக்கும் அண்டை வீட்டார் தரும் மாத்திரையும். கேளாமல் விழுங்காதீர்கள்.

தானா ராத்தா ஆசுபத்திரிக்குப் போகும்போது வீட்டிலுள்ள மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். பெயர் தெரியாவிட்டாலும் டாக்டர் பார்த்துக் கொள்வார். படிக்கத் தெரிந்த கிராணிமார் உறையிலுள்ளதைப் படித்துச் சொல்லி உதவ வேண்டும்.

தோழர்களே! 1940-களில் கெடாத் தோட்டங்களில் கள்ளுக்கடைக்கு எதிராகத் தொண்டர் படை கூட்டாக நின்றது. நாம் செய்ய வேண்டியது அதைவிடச் சிறியது: "வேண்டாம்" என்று சொல்லும் தோழனை, "ஒன்றுதானே" என்று வற்புறுத்தாதிருப்போம். அவன் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவனுக்கு ஒரு கோப்பை தேநீர் ஊற்றிக் கொடுப்போம்.