உளநோய்ச் சிகிச்சையும் ஊதியமும்

உடல்நோய் உற்றவன் வைத்தியருக்குக் கொடுக்கும் பணத்துக்கு ஈடாகக் கண்ணாற் காணத்தக்க ஏதேனும் ஒன்று கிடைக்கின்றது. மருந்துக் குப்பி கைக்கு வருகின்றது. முறிந்த எலும்புக்குக் கட்டுப் போடப்படுகின்றது. உளநோய் உற்றவன் நிலை அத்தகையதன்று. அவன் ஓர் அறையிலே ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேசுகின்றான், வைத்தியர் செவிமடுக்கின்றார், இடையிடையே சில சொற்கள் சொல்கின்றார். முடிவிலே பணம் மட்டும் கைமாறுகின்றது. பேச்சைக் கேட்பதற்கும் கூலியா என்னும் ஐயம் எழுதல் இயல்பே. வள்ளுவர் மருத்துவத்தின் உறுப்புக்களாக நோயாளி, வைத்தியர், மருந்து, உடனிருந்து உதவுவோர் என நான்கினை வகுத்தார். உளநோய்ச் சிகிச்சையிற் பணம் ஐந்தாம் உறுப்பாகுமா?

இவ்வினாவை ஒளிவுமறைவின்றி ஆராய்ந்தவர், உளப்பகுப்பாய்வு முறையைத் தோற்றுவித்த வியன்னா நகரத்து டொக்டர் சிக்மண்ட் பிராய்ட். சிகிச்சையைத் தொடங்கும் முறைபற்றி அவர் 1913ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். நாகரிக மக்கள் பாலுணர்ச்சியைப் பற்றிப் பேசக் கூசுவது போலவே பணத்தைப் பற்றிப் பேசவும் கூசுகின்றனர். வைத்தியர் அக்கூச்சத்துக்கு இடங்கொடாது, தம் ஊதியத்தைத் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடல் வேண்டும் என்பது அவர் கருத்து. இசையாசிரியர் மாணவனுக்கு நேரங் குறித்துக் கொடுப்பது போல, நோயாளிக்கும் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கப்படுகின்றது. அவன் வந்தாலும் வராவிடினும் அந்நேரம் அவனுக்கே உரியது. ஆகவே அதற்குரிய பணத்தை அவன் செலுத்தல் வேண்டும் என்றார்.

அவர் பணத்தாசையாற் பேசினார் எனத் தள்ளிவிடல் முறையன்று. ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நாள்தோறும் ஒரு மணி நேரத்தையும், சிலவேளை இரண்டு மணி நேரத்தையும், அவர் இலவசச் சிகிச்சைக்கு ஒதுக்கிப் பார்த்தார். எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. நன்றிக்கடன் என்னும் சுமை சில நோயாளரின் உள்ளத்தை அழுத்தியது. சிகிச்சையை முடித்துக்கொள்ளும் ஊக்கமும் குன்றியது. ஆயினும், தம் குற்றமின்றி வறுமையுற்ற சிலர் இலவசச் சிகிச்சையாற் சிறந்த பயன் பெற்றதையும் அவர் அக்கட்டுரையில் மறைக்கவில்லை.

பிராய்டின் வாழ்விலேயே இதற்கு ஒரு சான்றுண்டு. செர்கை பங்கெயெவ் என்னும் இரசியச் செல்வர் 1910 முதல் 1914 வரை அவரிடம் பணங்கொடுத்துச் சிகிச்சை பெற்றார். புரட்சியிலே செல்வம் முழுவதையும் இழந்து 1919இல் அவர் மீண்டும் வந்தபோது, பிராய்ட் கட்டணமின்றியே சிகிச்சை செய்தார். பின்னர் சில ஆண்டுகள் அவருக்காகப் பணமும் திரட்டிக் கொடுத்தார். கோட்பாட்டினும் மனிதன் பெரியவன் அன்றோ?

1918ஆம் ஆண்டு புடாபெஸ்ட் மாநாட்டிலே அவர் இன்னும் ஒருபடி முன்சென்றார். ஏழைக்கு அறுவைச் சிகிச்சையில் உள்ள உரிமை உளநோய்ச் சிகிச்சையிலும் உண்டென ஒரு நாள் சமுதாயம் உணரும். அன்று இலவச நிலையங்கள் எழும் என்று அவர் கூறினார். ஈராண்டுக்குள், 1920இல், மக்ஸ் ஐற்றிங்கொன், எர்ன்ஸ்ட் சிம்மெல் ஆகியோர் பேர்லினில் அத்தகைய நிலையம் ஒன்றைத் திறந்தனர். ஐற்றிங்கொன் தம் சொந்தப் பணத்தால் அதனைத் தாங்கினார். இயன்றவர் இயன்றதைக் கொடுத்தனர்; இயலாதவர் கொடுக்கவில்லை. 1930 வரையிலான பத்து ஆண்டுகளில் 1,955 பேர் ஆலோசனை நாடினர். 721 பேருக்கு உளப்பகுப்பாய்வு தொடங்கப்பட்டது. வியன்னாவிலும் 1922இல் ஒரு நிலையம் எழுந்தது. 1938இல் நாசி ஆட்சி அதனை மூடியது.

போருக்குப் பின்னர் பேர்லினில் மருத்துவர் அன்னெமாரி டியூர்சன் வேறோர் உண்மையை எடுத்துக்காட்டினார். உளநோய்ச் சிகிச்சை பெற்றவர்கள் பிற்காலத்தில் வைத்தியசாலையிற் படுத்திருந்த நாட்கள் குறைந்தன என்பதை 1960களில் அவர் கணக்கிட்டு வெளியிட்டார். 1967 முதல் மேற்கு ஜேர்மனியின் நோய்க் காப்புறுதி நிதியங்கள் இச்சிகிச்சையின் செலவை ஏற்றன. தனிமனிதன் பையிலிருந்து பணம் வராதபோதும் நோய் தணிந்தது. பணம் கொடுத்தாலன்றிக் குணமில்லை என்னும் கூற்றைப் பின்வந்த ஆராய்ச்சிகளும் உறுதியாக நிலைநாட்டவில்லை.

இங்கிலாந்திலே 2008இல் தொடங்கிய திட்டத்தின்வழி அரசாங்க மருத்துவ சேவை இச்சிகிச்சையை இலவசமாக வழங்குகின்றது. ஆயினும் காத்திருக்க நேர்வதால், வசதி படைத்தோர் தனியார் வைத்தியரிடம் செல்கின்றனர். வசதியற்றவர் காத்திருக்கின்றனர். உளத்துன்பமோ யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

இவற்றால் அறியக்கிடப்பது யாது? வைத்தியரின் நேரமும் பயிற்சியும் விலையுடையன. அவரும் வாழல் வேண்டும். அவ்விலையைக் கேட்டல் இழிவன்று. அதுபோலவே, கட்டணம் எவ்வளவு, வராத நாளுக்கும் உண்டா, எத்தனை மாதம் தன்னால் இயலும் என்று நோயாளி முதல்நாளே கேட்டல் நன்றிகெட்ட செயலுமன்று. இயலாமையை மறைத்துக் கடன்பட்டுச் சிகிச்சை பெறுபவன், ஒரு கவலையை நீக்க மற்றொரு கவலையை விலைக்கு வாங்குகின்றான். அவ்வியலாமையைச் சொல்லுதற்கும் அவ்வறையே தக்க இடம். பணம் மருந்தன்று, அதுபற்றிய வாய்மையோ சிகிச்சையின் முதற்படி. அந்த வாயிலுக்கே வர இயலாதவருக்கு யார் பணங்கொடுப்பது என்பது, வைத்தியரும் நோயாளியும் தனித்துத் தீர்க்கும் கணக்கன்று. சமுதாயம் தீர்க்கவேண்டிய கணக்கு.