குறத்தி நகரில் நின்ற காரணம்

(நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், நந்தனத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாக நாம் கூடிவரும் இவ்விடத்திற்கு நந்தனம் என்று பெயர். ராஜாஜி முதலமைச்சராயிருந்தபோது, நந்தன ஆண்டாகிய 1952–53இல் இப்பெயர் சூட்டப்பெற்றது என்பர். நந்தனம் என்பதற்கு இந்திரனுடைய சோலை என்றும் பொருள் உண்டு. ஆண்டின் பெயரா, சோலையின் பெயரா என்று வழக்காட வேண்டியதில்லை. சோலையின் பெயரைத் தாங்கிய இவ்விடத்தில், மேலே அண்ணா சாலையின் இரைச்சலும், 2018 முதல் கீழே மெட்ரோ இரயிலும் ஓட, நடுவே நாம் அமர்ந்து கவிதை பேசுகிறோம். பக்கத்திலுள்ள தியாகராய நகர் 1920களில் ஒரு நெடிய ஏரியைத் தூர்த்து எழுப்பப்பட்டது. காட்டையும் மலையையும் நேசிக்கும் ஒருவரை இத்தகைய நகருக்குள் கொண்டுவந்து, கதை முடியுமளவும் நிறுத்திவைப்பது எவ்வாறு என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இது வகுப்பறை வினா மட்டும் அன்று. நம் கூட்டங்களில் படிக்கப்பெறும் கவிதை நாடகங்களில் அவ்வப்போது ஒரு மலைவாணர் வருகிறார். முதற்காட்சியில் நன்றாகப் பேசுகிறார். இரண்டாம் காட்சியில், இவர் ஏன் இன்னும் இங்கேயே இருக்கிறார் என்னும் ஐயம் கேட்போர் மனத்தில் எழுகிறது. உடனே ஆசிரியர் அவருக்கு ஒரு கடனையோ, நோயுற்ற தாயையோ, மணமாகாத தங்கையையோ கொடுத்துவிடுகிறார். பாத்திரம் நகரில் நின்றுவிடுகிறது. அதன் உயிர் ஊருக்குப் போய்விடுகிறது. மூன்றாம் காட்சி முழுவதும் அவர் வேப்பமரத்தை நினைந்து பெருமூச்சு விடுவார். இப்பெருமூச்சைப் பத்தாண்டுகளில் போதுமான அளவு கேட்டுவிட்டோம் என்பது என் கருத்து.

இதே சிக்கலை வேறொரு திசையிலிருந்து என்னிடம் கொண்டுவந்தவள் என் மாணவி ஒருத்தி. இக்காலத்து இளைஞர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள். அமெரிக்காவில் 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடி. ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் தத்தம் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்லவேண்டும். என் மாணவி நடத்திய கதை ஒரு கோட்டை நகரில் நிகழ்வது. அவள் தோழி ஏற்றதோ விலங்கோடும் மரத்தோடும் பேசும் கானகப் பூசாரி வேடம். நகர வாயில் திறந்தபோதெல்லாம் அப்பூசாரி காட்டுக்குப் புறப்பட்டுவிடுகிறார், கதை நின்றுவிடுகிறது. "வாயிலைப் பூட்டிவிடட்டுமா அம்மா?" என்று கேட்டாள். பூட்டாதே, குறவஞ்சி படி என்றேன். அதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. மலையை நேசிக்கும் ஒருத்தியை ஊருக்குள் நிறுத்துவது எப்படி என்னும் கேள்வியை ஓர் இலக்கிய வகையின் நடுப்பொருளாகவே வைத்துக்கொண்ட மொழி நம்முடையது.

முந்திய பெரும்புலவர்கள் இச்சிக்கலை வேறு வழியிற் கடந்தனர். கம்பர் குகனை அயோத்திக்குக் குடியேற்றவில்லை. தேனும் மீனும் கொண்டுவந்து அன்பு செய்தவன் உடன்வருவேன் என்று மன்றாடியும், இராமன் அவனைத் தம்பியாக்கிக்கொண்டு, உன் சுற்றத்தைக் காப்பது உன் கடன் என்று கங்கைக் கரையிலேயே நிறுத்திவிடுகிறான். இளங்கோவடிகளும் குன்றக்குறவரை வஞ்சி மாநகர்க்குள் அழைத்து வரவில்லை. மலைவளம் காண வந்த சேரன் செங்குட்டுவன் பேரியாற்று மணலில் தங்கியிருக்க, அங்கேதான் அவர்கள் மலைப்பொருள்களைக் காணிக்கையாக வைத்து, வேங்கை நிழலில் தாங்கள் கண்ட வியப்பைச் சொல்கிறார்கள். அங்கே நகரம் மலையைத் தேடிச் சென்றது. இவை மிகப் பெரிய காட்சிகள். ஆயினும் நம் வினாவுக்கு விடை இவற்றில் இல்லை.

விடை மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரிடம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் அவர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சிக்காக முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் நிலம் வழங்கினார். அந்நிலம் குறவஞ்சிமேடு என்று வழங்கலாயிற்று. கதை நீங்கள் அறிந்ததே. திரிகூடநாதர் பவனி வருகிறார். பந்தாடி நின்ற வசந்தவல்லி கண்டு காதல் கொள்கிறாள். தோழியைத் தூது விடுகிறாள். அந்நேரத்தில் குறத்தி வருகிறாள். வந்தவுடன் அவள் கையைப் பார்த்துக் குறி சொல்லிவிடவில்லை. வசந்தவல்லி அவளிடம் முதலில் கேட்பது, உன் மலையின் வளம் என்ன என்பதே.

இவ்விடத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டுகிறேன். வானரமும் அருவியும் வரும் அப்பாடலைப் பள்ளிப் பாடநூலில் மனப்பாடம் செய்தவர்கள் நாம். இயற்கை வருணனைக்கு எடுத்துக்காட்டு என்று ஆசிரியர் சொல்ல, நாமும் அவ்வாறே தேர்வில் எழுதினோம். யார், எங்கே நின்று, யாரிடம் பாடுகிறாள் என்பதை மறந்துவிட்டோம். அது மலைமேல் நின்று பாடிய பாட்டு அன்று. நகரத்துச் செல்வமகள் ஒருத்தியின் முன்னே, கூலியை எதிர்நோக்கி நிற்கும் தொழிலாட்டி பாடும் பாட்டு. மலையில் இருக்குமளவும் மலையைப் பாடவேண்டிய தேவை அவளுக்கு இல்லை. அங்கே எல்லோர்க்கும் மலை உண்டு. ஊருக்குள் வந்த பிறகு மலை உடையவள் அவள் ஒருத்தியே.

கேட்பவளுக்கும் அப்பாட்டு பொழுதுபோக்கு அன்று. வசந்தவல்லி காதலித்தது அம்மலைக்குரிய இறைவனை. ஆகவே அவரைப் பற்றிய செய்திகளுள் எல்லாம் தலையானது அம்மலையைப் பற்றிய செய்திதான். இக்கண்ணி கவிராயர் புதிதாகக் கண்டதும் அன்று. குறுந்தொகை 23ஆம் பாட்டில் ஔவையார், கட்டுவிச்சி தலைவனுடைய குன்றைப் பாடக் கேட்ட தோழி, அதையே மீண்டும் பாடச் சொல்வதாக அமைத்திருக்கிறார். குறி கேட்க வந்த கூட்டத்தில் தோழிக்கு வேண்டியது குறி அன்று, குன்றின் பெயர். கவிராயர் இந்நுட்பத்தை எடுத்து, தெருவும் மாடமும் உள்ள ஊருக்குள் வைத்தார்.

எனவே நான் சொல்ல விரும்புவது இதுதான்: மலைமேல் கொண்ட பற்று குறத்தியை நகரிலிருந்து வெளியே இழுக்கும் விசையாக இல்லை. அப்பற்றே அவளை அங்கு நிறுத்துகிறது. அவள் எதை நேசிக்கிறாளோ, அதுவே அந்நகரில் ஒருவருக்கு இன்றியமையாததாகிவிட்டது. கடனும் நோயுற்ற தாயும் வேண்டியதில்லை. நாம் எழுதும் நாடகத்தில் காட்டை அறிந்தவரை நிறுத்த விரும்பினால், அவருக்கு ஒரு தளை தேடுவதை விட்டு, அவர் அறிந்த காட்டுக்கு அவ்வூரில் ஏங்கும் ஓர் உள்ளத்தைத் தேடவேண்டும். அத்தகைய உள்ளம் அவ்வூரில் இல்லையென்றால் அவர் போய்விடுவதே நியாயம்.

குற்றாலம் மலையடிவாரத்து ஊர்தானே, அங்கே குறத்தி வருவதில் என்ன அருமை என்று சிலர் கேட்கலாம். சரியான கேள்வி. கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகரின் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைப் பாருங்கள். பாட்டுடைத் தலைவர் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி. தஞ்சையில் கண்ணுக்கெட்டிய தூரம் மலை இல்லை. உள்ளதெல்லாம் வயலும் வாய்க்காலும் பெரிய கோயில் விமானமும்தான். ஆயினும் குறத்தி வந்தாள்; அந்நாடகம் பெரிய கோயிலிலேயே ஆடவும்பெற்றது. வேதநாயக சாஸ்திரியார் 1800ஐ ஒட்டி இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியில் தலைவி தேவமோகினி. அங்கே சிங்கன் பறவை பிடிப்பது உயிர்களை ஈடேற்றுவதன் உருவகமாகிறது. பாட்டுடைத் தலைவர் மாறினார், ஊர் மாறியது, சமயமும் மாறியது. குறத்தி மட்டும் எங்கும் வந்துகொண்டே இருந்தாள்.

நமக்கு அண்மையிலும் அவள் வந்திருக்கிறாள். 1936இல் அடையாற்றில் தோன்றிய கலாக்ஷேத்திரத்தில் ருக்மிணி தேவி 1944இல் முதன்முதலாக அமைத்த நாட்டிய நாடகம் குற்றாலக் குறவஞ்சியே.

குறத்தியிடம் நான் மிகவும் விரும்புவது அவளுடைய நிமிர்வு. அவள் நகரைப் பழிப்பதில்லை. மலையை நினைந்து அழுவதுமில்லை. தான் குறி சொன்ன நாடுகளையும் பெற்ற பரிசுகளையும் அடுக்கிப் பெருமை பேசுகிறாள். இயற்கையை நேசிப்பவர் ஓரிடத்தில் வேரூன்றியே இருக்கவேண்டும் என்பது நாம் நகரில் உட்கார்ந்து கற்பித்துக்கொண்ட இலக்கணம். சிங்கியோ நாடெல்லாம் திரிகிறாள். சிங்கன் அவளைத் தேடி வந்து காணும்போது நிகழும் உரையாடலை நினைவு கூருங்கள். அவள் காலில் விரியன் பாம்பு கிடக்கிறதே என்று அவன் அஞ்சுகிறான். சேலத்தில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள் அவள். அவன் கண் இன்னும் மலையிலேயே இருக்கிறது; காண்பதெல்லாம் பாம்பும் புழுவும். அவளோ சிலம்பை விரியனாகவும் காண வல்லவள், சிலம்பாகவும் காண வல்லவள். நகரில் நிற்கக்கூடிய பாத்திரம் இரண்டு கண் உடையதாக இருக்கவேண்டும் என்பதைக் கவிராயர் நகைச்சுவையாகவே காட்டிவிடுகிறார். கணவனை 'அடா' என்று விளித்து விடை சொல்லும் உரிமையும் அவளுக்கு இருக்கிறது. அவளை யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை. வாயில் திறந்தே இருக்கிறது; அதனால்தான் அவள் நிற்பதற்கு மதிப்பு.

இங்கே ஒன்றைச் சொல்லாமற் செல்வது முறையன்று. குறவஞ்சியின் குறத்தியைக் கண்டு மகிழும் நாம், நம் நகரத் தெருவில் பாசிமணி விற்கும் பெண்ணைக் கண்டவுடன் அவளே இவள் என்று எழுதிவிடுகிறோம். அது பிழை. நரிக்குறவர் தம்முள் பேசுவது வாக்ரிபோலி என்னும் இந்தோ-ஆரிய மொழி. சங்கக் குறிஞ்சிக் குறவரோடு அவர்களைப் பெயர் ஒப்புமையால் மட்டும் இணைத்தல் பொருந்தாது. அவர்களையும் குருவிக்காரரையும் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியதே 2022 திசம்பரில்தான். அவர்களுடைய கதை வேறு. அதை எழுதுவதற்கு வேறு படிப்பு வேண்டும். ஓர் இலக்கிய மரபின் நிமிர்வை எடுத்து, வாழும் மக்களின் வறுமைமேல் அணிகலனாகச் சூட்டக்கூடாது.

இன்றைய நகரில் குறத்தியின் காரணத்தை ஒத்த காரணம் உண்டா என்று தேடினால், என் எண்ணம் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடநெம்மேலிக்குச் செல்கிறது. இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் அங்கே 1978 முதல் இயங்கிவருகிறது. அதற்கு முன் பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள் அம்மக்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதன்பின் வந்த தோல் வணிகத் தடையும் அவர்களுடைய பிழைப்பை நிறுத்தின. தடம் பார்த்து, வளை பார்த்து, பாம்பு உள்ளே இருக்கிறதா என்று சொல்லும் அறிவு அவர்களிடம் எஞ்சி நின்றது. அவ்வறிவு நகரத்துக்கு வேண்டியிருந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சிலிருந்து கடிமுறிவு மருந்து செய்யப்படுகிறது. இந்திய மருத்துவமனைகளுக்குச் செல்லும் அம்மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பங்கை எடுத்துத் தந்தவர்கள் அவர்கள். நஞ்செடுத்த பாம்புகளை மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவர் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பெற்று, அங்குப் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தனர். 2023இல் இருவர்க்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

சிங்கன் சிலம்பை விரியன் என்று கண்டபோது நாம் சிரித்தோம். உண்மை விரியனை விரியன் என்று அறிந்து கையில் எடுக்கும் இவர்களிடம் நகரமே கைநீட்டி நிற்கிறது. புல்வெளியில் ஒரு கோட்டைக் கண்டு, இது இன்று காலைத் தடம், இது நேற்றையது என்று சொல்வார்கள். அச்சொற்களில் ஒரு நிகண்டே இருக்கக்கூடும். நம் பேரகராதிகளில் அவை எத்தனை ஏறியிருக்கின்றன என்று பார்க்கும் பணியை நம் வட்டத்து இளையவர் யாரேனும் மேற்கொள்ளலாம். வடநெம்மேலி நந்தனத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் இருக்கிறது. அவ்வாறு சென்று கேட்டு வந்த ஒருவர் எழுதும் கவிதை நாடகத்தை அடுத்த ஆண்டு இம்மேடையில் கேட்க விரும்புகிறேன். அதில் வரும் காட்டாளருக்கு நோயுற்ற தாய் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் கடியுண்ட ஒரு நகரத்தார் இருக்கவேண்டும். நான் வருகிறேன், ஆனால் மாலைக்குள் திரும்பிவிடுவேன் என்று அந்தக் காட்டாளர் சொல்லும் ஒரு வரியும் இருக்கவேண்டும்.