முகமும் பெயரும் நம் உடைமை



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்குக் கல்வியைத் தேடிக்கொடுத்த இச்சங்கத்தின் வெள்ளி விழாவில், கல்வியால் பெற்ற பெயரைக் காத்துக்கொள்வது குறித்துச் சில கூற விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், சேத்தியாத்தோப்பை அடுத்த சிற்றூர் மாணவி ஒருத்தி பொதுத்தேர்வில் சிறந்த மதிப்பெண் பெற்றாள். பகலில் அரசுப் பள்ளியிலும் இரவில் நம் சங்கப் பாடசாலையிலும் பயின்றவள். அடுத்த வாரமே ஒரு தனிப்பயிற்சி நிலையத்தின் விளம்பரம் முகநூலில் வந்தது. அதில் அவளுடைய படம். கீழே, 'எங்கள் சாதனை மாணவி' என்ற வாசகம். அந்நிலையத்தின் வாசற்படியை அவள் மிதித்ததே இல்லை! கரும்பு வெட்டும் தொழிலாளியான அவள் தந்தை நம்மிடம் வந்து, "ஐயா, எம் பொண்ண நம்பி எதிர்வீட்டுக்காரரு கடன் வாங்கி மகனைச் சேர்த்துட்டாரே" என்று வருந்தினார். தாம் ஏமாற்றப்பட்டதைவிட, தம் மகளின் முகத்தால் பிறர் ஏமாந்ததே அவருக்குப் பெருந்துயரம்.

ஒருவர் முகத்தை விளம்பரத்தில் இடுவது, அவர் வாய்திறவாமலே அவரைச் சாட்சி சொல்ல வைப்பதாகும். 2011இல் முகநூல் நிறுவனமே, ஒருவர் 'விருப்பம்' தெரிவித்ததை அவர் பெயருடனும் படத்துடனும் அவருடைய நண்பர்களுக்கு விளம்பரமாகக் காட்டியது. அமெரிக்காவில் வழக்கு எழுந்தது. இரண்டு கோடி டாலர் தருவதான சமரசத்தை 2013இல் நீதிமன்றம் ஏற்றது.

நம் நாட்டு நிலை யாது? தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்ததை ஒட்டிய வழக்கில், 1994இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடத் தடையில்லை என்ற அத்தீர்ப்பே, இசைவின்றி ஒருவர் பெயரையோ உருவத்தையோ விளம்பரத்திற்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்றும் கூறிற்று. திரு. ரஜினிகாந்த் தம் பெயரைத் தாங்கிய இந்திப் படத்திற்கு எதிராக 2015இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் தடை பெற்றார். 2017இல் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாக உரைத்தனர். அதற்கு அவர்கள் காட்டிய அடிப்படைகளுள் முதன்மையானது, அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரையப்பட்ட அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு. ஆகவே இவ்வுரிமை நட்சத்திர நடிகருக்கு மட்டுமன்று. கரும்பு வெட்டுபவர் மகளுக்கும் உண்டு.

அம்மாணவி தானே கடிதம் எழுதினாள், தந்தை ஒப்பமிட்டார். இரண்டே நாளில் படம் நீக்கப்பட்டது. எதிர்வீட்டார் கட்டிய பணம் மட்டும் திரும்பவில்லை.

இளைஞர்களே! உங்கள் படத்தை எவரேனும் இவ்வாறு பயன்படுத்தினால், அதனைத் தேதியுடன் படியெடுத்து வையுங்கள். நீக்குமாறு எழுத்தில் கேளுங்கள். அந்த ஊடகத்தின் குறைதீர் அலுவலரிடம் முறையிடுங்கள். விசாரியாமல் எதற்கும் விருப்பக் குறி இடாதீர்கள். அதுவும் உங்கள் சாட்சியே.

நாமும் குற்றமற்றவர் அல்லோம். குறிப்பேடு பெறும் குழந்தைகளை வரிசையில் நிறுத்திப் படமெடுத்து, கேளாமலே வாட்ஸ்அப்பில் பரப்பியுள்ளோம். பதினெட்டு வயது நிரம்பாதோர் தகவல்களுக்குப் பெற்றோர் இசைவு வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டுச் சட்டம். சட்டம் இருக்கட்டும், உதவி பெறும் குழந்தைக்கும் மானம் உண்டன்றோ? இனிக் கேட்டே படமெடுப்போம் என இவ்விழாவில் உறுதி ஏற்போம்.

வாழ்க நம் சங்கம்! வளர்க கல்வி!